கடல் ஏன் நீலம்? பதில் தெரிந்த கேள்வியை மறுபடி கேட்ட சி.வி. ராமன்

கடல் ஏன் நீல நிறத்தில் இருக்கிறது? ஆபீஸ் கேன்டீனில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: வானம் நீலம், அது தண்ணீரில் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பதில் சரியில்லை. ஆனால் அப்படி நினைப்பவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. 1904-ல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கிய ராலே பிரபுவே அப்படித்தான் எழுதியிருந்தார். வானம் ஏன் நீலம் என்பதை உலகத்துக்கு விளக்கியவரும் அவர்தான். அவரே சொன்ன பிறகு யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

1921-ல் ஒரு கப்பல் பயணி சந்தேகப்பட்டார். சந்திரசேகர வேங்கட ராமன், அப்போது வயது 32. அந்தச் சந்தேகம் ஏழு ஆண்டுகளில் ஒரு புதிய இயற்பியல் விளைவாகவும், ஒன்பது ஆண்டுகளில் நோபல் பரிசாகவும் மாறியது. சுவாரஸ்யம் என்னவென்றால், கடல் பற்றி ராமன் சொன்ன பதிலும் முழுப் பதில் இல்லை. அது எப்படி என்று பார்க்கலாம்.

காலையில் லேப், பகலில் கணக்கு

ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7, திருச்சி அருகே திருவானைக்காவல். அப்பா சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். அவருக்கு விசாகப்பட்டினம் கல்லூரியில் வேலை கிடைத்ததால் ராமனின் சிறுவயது அங்கே கழிந்தது. பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. இடையில் 1906-ல், 18 வயதில், அவருடைய முதல் ஆய்வுக்கட்டுரை லண்டனில் வெளியாகும் ஓர் அறிவியல் இதழில் வந்துவிட்டது.

அடுத்து என்ன? அன்றைக்கு ஆராய்ச்சி என்றால் இங்கிலாந்து போக வேண்டும். ஆனால் அந்த ஊர்க் குளிரை இவர் உடம்பு தாங்காது என்று சென்னையில் டாக்டர் சொல்லிவிட்டார். இந்தியாவில் ஆராய்ச்சியையே முழுநேர வேலையாக வைத்துப் பிழைக்க வழி கிட்டத்தட்ட இல்லை. எனவே, நம்மில் பலரும் எடுக்கும் அதே முடிவை அவரும் எடுத்தார். போட்டித் தேர்வு எழுதினார், முதலிடம் வந்தார், 1907-ல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக வேலையில் சேர்ந்தார். நல்ல சம்பளம், அரசு உத்தியோகம், கல்யாணமும் ஆகிவிட்டது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம்.

முடியவில்லை. கல்கத்தா பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. 1876-ல் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். இந்தியர்கள் தாங்களே ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று தொடங்கப்பட்ட அந்த இடத்தில், அப்போது ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லை. ராமன் உள்ளே போய்க் கேட்டார். கதவு திறந்தது.

அடுத்த பத்து ஆண்டுகள் அவர் வாழ்ந்தது இரட்டை வாழ்க்கை. காலையில் லேப், பகல் முழுக்க ஆபீஸில் கணக்கு, சாயங்காலம் மறுபடி லேப். நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று டிரான்ஸ்பர்கள் வந்தன. 1911-ல் கல்கத்தா திரும்பியதும் விட்ட இடத்தில் தொடர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்விகள் பெரும்பாலும் கண்முன்னே கிடப்பவை. வயலின் கம்பி எப்படி அதிர்கிறது? சாதாரணமாக ஒரு தோலைத் தட்டினால் கலவையான சத்தம்தான் வரும், மிருதங்கமும் தபலாவும் மட்டும் ஏன் சுருதியோடு ஒலிக்கின்றன? மிருதங்கத்தின் வலந்தலை நடுவே அப்பியிருக்கும் கறுப்புக் கரணையில்தான் விஷயம் இருக்கிறது என்று அவர் காட்டினார். அந்தக் கூடுதல் எடை, தோலின் அதிர்வுகளை ஒன்றுக்கொன்று இசைவான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. வித்வான்கள் தலைமுறை தலைமுறையாகக் காதால் அறிந்திருந்ததை அவர் அளந்து காட்டினார்.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. சம்பளம் கணிசமாகக் குறையும். அதோடு அந்தப் பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. ராமன் போக மறுத்தார், பல்கலைக்கழகம் நிபந்தனையைத் தளர்த்தியது. பத்து வருட அரசு வேலையை ராஜினாமா செய்தார்.

கப்பல் மேல்தளத்தில் ஒரு பரிசோதனை

1921-ல் பிரிட்டிஷ் பேரரசின் பல்கலைக்கழகங்களுக்கான மாநாடு ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது. ராமனின் முதல் வெளிநாட்டுப் பயணம் அதுதான். போகும் வழியில் மத்தியதரைக் கடலின் அடர்ந்த நீலம் அவரை உலுக்கியது. ஊர் திரும்பும்போது, நார்குண்டா என்ற கப்பலில், அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்.

கையில் இருந்தது நிக்கல் பட்டகம் என்ற சின்னக் கருவி. பெயரைப் பார்த்து உலோகம் என்று நினைக்க வேண்டாம். நிக்கல் என்பது அதை உருவாக்கியவரின் பெயர், கருவி ஒருவகைப் படிகத்தால் ஆனது.

இதன் வேலை என்ன? தண்ணீரில் பட்டுப் பிரதிபலிக்கும் ஒளிக்கு ஒரு குணம் உண்டு. செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில் பார்த்தால், பிரதிபலித்து வரும் ஒளி முழுக்க ஒரே தளத்தில் அதிரும். நிக்கல் பட்டகத்தைச் சரியான கோணத்தில் திருப்பினால் அந்த ஒளியை மட்டும் அடைத்துவிடலாம். ராலே சொன்னது சரியென்றால், பிரதிபலிப்பை அடைத்ததும் கடலின் நீலம் மறைந்துபோக வேண்டும்.

மறையவில்லை. மேலே படிந்திருந்த வானத்தின் பளபளப்பு நீங்கியதும், கடல் இன்னும் அழுத்தமான நீலமாகத் தெரிந்தது. அப்படியென்றால் நிறம் தண்ணீருக்கு உள்ளிருந்து வருகிறது. கப்பல் பம்பாய்த் துறைமுகம் சேர்ந்ததும், 1921 செப்டம்பர் 26 தேதியிட்டு நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதினார்.

ராமனின் விளக்கம் இது: காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடித்து வானத்தை நீலமாக்குவதுபோல, நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன. நீல ஒளி அதிகமாகச் சிதறுவதால் கடல் நீலம்.

அப்போ சரியான பதில் என்ன?

ராமன் சொன்ன சிதறல் உண்மை. ஆனால் கடல் நீலத்துக்கு முதல் காரணம் இன்னொன்று: தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் அது தெரியாது. கடலில் சுமார் 10 மீட்டர் ஆழம் போவதற்குள் சிவப்பின் பெரும்பகுதி காலியாகிவிடும். மிஞ்சுவது நீலம். அந்த நீலத்தை மேல்நோக்கித் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும் வேலையைத்தான் சிதறல் செய்கிறது. ராமனும் உறிஞ்சுதலுக்கு ஒரு பங்கு உண்டு என்று ஏற்றார். ஆனால் அவர் கதையில் நாயகன் சிதறல்தான்.

சரி, தண்ணீர் ஏன் சிவப்பை உறிஞ்சுகிறது? நீர் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஸ்பிரிங்கால் கட்டியதுபோல இடைவிடாமல் அதிர்கின்றன. அந்த அதிர்வுகளைத் தூண்ட, சிவப்பு ஒளியின் ஆற்றல் கொஞ்சம் செலவாகிறது. ஹைட்ரஜனுக்குப் பதில் இரண்டு மடங்கு எடையுள்ள டியூட்டீரியம் இருக்கும் கனநீரை எடுத்துக்கொண்டால் அதிர்வு மெதுவாகும், உறிஞ்சுதல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். அதனால்தான் நீளமான குழாயில் நிரப்பினால் சாதாரண நீர் லேசான நீலமாகவும், கனநீர் நிறமற்றதாகவும் தெரிகிறது.

இந்த ‘மூலக்கூறின் அதிர்வு’ என்ற விஷயத்தை மனதில் வையுங்கள். ராமன் அடுத்து முட்டிக்கொண்டது அதில்தான்.

ஒரு கோடியில் ஒன்று

கல்கத்தா திரும்பிய ராமன், மாணவர்களோடு திரவம் திரவமாக எடுத்து ஒளியைப் பாய்ச்சி, சிதறலை அளக்கத் தொடங்கினார். 1923-ல் கே.ஆர். ராமநாதன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். சிதறிய ஒளியில், உள்ளே போன நிறத்தில் இல்லாத ஒரு மங்கல் ஒளி கலந்திருந்தது. அழுக்காக இருக்கும் என்று நினைத்துத் திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். மங்கல் ஒளி போகவில்லை. பின்னர், ஒரு வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாக ஆய்வுக்கு வந்த வெங்கடேஸ்வரன், கிளிசரினில் அதை இன்னும் தெளிவாகக் கண்டார்.

1928-ன் தொடக்கத்தில் ராமன் இந்த வேலையில் கே.எஸ். கிருஷ்ணனை இறக்கினார். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வத்திராயிருப்பைச் சேர்ந்தவர். சூரிய ஒளி, தொலைநோக்கியின் லென்ஸ், நிற வடிகட்டிகள், நல்ல கண்கள். கருவி என்று பார்த்தால் அவ்வளவுதான். கிட்டத்தட்ட 60 திரவங்களில் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அந்தப் புது ஒளி இருந்தது. பிப்ரவரி 28 அன்று நிறமாலைமானி வழியே பார்த்தபோது, அது தனியாகப் பிரிந்து தெரிந்தது.

நடப்பது இதுதான். மூலக்கூறில் படும் ஒளி பெரும்பாலும் அதே நிறத்தில் சிதறும். மிக அரிதாக, ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகள்களில் ஒன்று, மூலக்கூறை அதிரவைத்துவிட்டு அதற்கான ஆற்றலை இழந்து வேறு நிறத்தில் வெளியே வரும். எவ்வளவு ஆற்றல் போனது என்று அளந்தால், எந்த அதிர்வு என்று தெரியும். ஒவ்வொரு பொருளுக்கும் அதிர்வுகளின் தொகுப்பு வேறு வேறு. கைரேகை மாதிரி.

ஆக, கடல் நீலத்துக்கு ராமன் தந்த பதிலில் விடுபட்டிருந்தது மூலக்கூறின் அதிர்வு. அந்தப் பதிலைத் துரத்திப் போய் அவர் கண்டுபிடித்ததும், மூலக்கூறின் அதிர்வைப் பார்க்கும் ஒரு வழி.

பரிசும் பெயரும்

இந்தக் கண்டுபிடிப்பை அறிவித்த முதல் நேச்சர் கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் இருவரின் பெயரும் இருந்தன. அதே வாரங்களில் மாஸ்கோவில் மண்டெல்ஷ்டாம், லாண்ட்ஸ்பெர்க் இருவரும் படிகங்களில் இதே விளைவைப் பார்த்திருந்தார்கள். 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. அறிவியலில் அதைப் பெற்ற முதல் ஆசியர் அவர். விளைவுக்கும் அவர் பெயர் மட்டுமே நிலைத்தது. கிருஷ்ணன் பின்னாளில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். ஆனாலும் பாடப்புத்தகத்தில் அவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

1933-ல் ராமன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அதே ஆண்டு பம்பாயிலிருந்து கமலா பாகவத் என்ற மாணவி ஆராய்ச்சிக்கு இடம் கேட்டார். பெண் என்பதால் ராமன் மறுத்தார். கமலா விடவில்லை, நேரில் வந்து வாதாடினார். ஓராண்டு சோதனைக்காலம் உட்பட நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. கமலா சொஹோனி என்று பின்னர் அறியப்பட்ட அவர், 1939-ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் வேலையைப் பார்த்த பிறகு பெண்களுக்கு ராமனின் கதவு கொஞ்சம் திறந்தது. 1940-ல் அவரிடம் சேர்ந்து வைரங்களையும் மாணிக்கங்களையும் ஆராய்ந்த அன்னா மணி, பிற்பாடு இந்திய வானிலைக் கருவிகளின் தரத்தையே மாற்றினார். பெயர்ப்பலகையைப் பார்த்து நேரே உள்ளே போய்க் கேட்க முடிந்த ஒருவர், இன்னொருவர் வந்து கேட்டபோது முதலில் மறுத்தார் என்பதும் இந்த வாழ்க்கையின் பகுதிதான். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது.

நிர்வாக மோதல்களால் 1937-ல் இயக்குநர் பதவியை விட்டார், 1948 வரை பேராசிரியராகத் தொடர்ந்தார். பிறகு பெங்களூருவிலேயே தன் பெயரில் ஆய்வு நிறுவனம். 1954-ல் பாரத ரத்னா. கடைசிக் காலத்திலும் கேள்விகள் மாறவில்லை: பூக்களுக்கு இந்த நிறம் எங்கிருந்து வருகிறது, நம் கண் நிறத்தை எப்படி அறிகிறது? 1970 நவம்பர் 21 அன்று பெங்களூருவில் காலமானார். 1928-ல் அந்த ஒளி பிரிந்து தெரிந்த பிப்ரவரி 28-ஐத்தான் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

இதனால் நமக்கு என்ன?

மருந்து நிறுவனத்துக்கு வரும் மூலப்பொருள் உண்மையானதா என்று பொட்டலத்தைப் பிரிக்காமலே பார்க்கும் கையடக்கக் கருவி ராமன் விளைவில் இயங்குகிறது. செவ்வாயில் ஊர்ந்துகொண்டிருக்கும் பெர்சிவரன்ஸ் ரோவரிலும் ராமன் நிறமாலைமானிகள் உண்டு. நீண்ட தூர ஃபைபர் கேபிள்களில் சோர்ந்துபோகும் ஒளிச் சிக்னலுக்கு வழியிலேயே வலுவூட்டவும் இதே விளைவைப் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கட்டுரை உங்கள் போனுக்கு வந்த பாதையிலும் அப்படி ஒன்று இருந்திருக்கலாம்.

நார்குண்டா கப்பலில் ராமன் செய்த பரிசோதனையை நீங்களும் செய்யலாம். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்று போதும். மெரினாவில் கரையோரம் மணல் கலங்கி இருக்கும், அங்கே வேண்டாம். தெளிந்த நீர் உள்ள கடலில், படகிலிருந்தோ பாலத்திலிருந்தோ, சாய்வாகத் தண்ணீரைப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்து, கண் முன்னால் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் மேற்பரப்பின் பளபளப்பு மறையும். நீலம் மறைகிறதா என்று பாருங்கள்.