நீதிக்கு வாதாடிய ராபர்ட் பிரவுன் எலியட்

கடல்கடந்த நாடொன்றில் வாழ்ந்த கறுப்பின மக்களின் வரலாற்றை நாம் ஏன் கற்றல் வேண்டும் என்று வினவுவோர் இருக்கலாம். அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1946ஆம் ஆண்டில் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ போய்ஸ் அவர்களுக்கு வரைந்த மடலில் இதற்கு விடையுண்டு. தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்டோர் நிலையும் அமெரிக்கக் கறுப்பர் நிலையும் பெரிதும் ஒத்தவை. ஆதலின் அவர்தம் வரலாற்றைக் கற்பது நமக்கு இன்றியமையாதது என்பதே அன்னாரின் கருத்து. அந்நோக்குடன், தென் கரோலினா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசுத் தலைமை வழக்குரைஞராக, 1876இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ராபர்ட் பிரவுன் எலியட் அவர்களின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர்கின்றோம்.

எலியட் 1842ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிறந்தவர். இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரே அவர் பிறந்த ஊர் என ஆய்வாளர் பலர் கருதுவர். அவர் பயின்றதாகக் கூறப்பட்ட உயர்ந்த பள்ளிகளின் ஏடுகளில் அவர் பெயர் காணப்படவில்லை. எனினும் அவர்தம் சட்டப் புலமையையும் நாவன்மையையும் பகைவரும் மறுக்க இயலவில்லை. பட்டயம் எங்கே என்று கேட்டோருக்கு அவர்தம் உரைகளே விடையாயின.

1867இல் அவர் தென் கரோலினாவில் குடியேறிச் சார்ல்ஸ்டன் நகரில் ஓர் இதழின் துணையாசிரியரானார். அடிமைகளுக்கு எழுத்தறிவித்தலைக் குற்றமென 1834இல் சட்டமியற்றிய மாநிலம் அது. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து, அடிமைத்தளை அறுபட்டு ஈராண்டே ஆகியிருந்தது. 1868இல் கூடிய மாநில அரசியலமைப்புப் பேரவையில் கறுப்பின உறுப்பினரே பெரும்பான்மையினர். அங்கே எலியட் கட்டாயக் கல்வியை ஆதரித்தார். வாக்குரிமைக்குத் தலைவரியையும் எழுத்தறிவுத் தேர்வையும் நிபந்தனையாக்கும் முயற்சிகளை எதிர்த்து நின்றார். எழுத்தைத் தலைமுறை தலைமுறையாக மறுத்துவிட்டு, எழுத்தறியாமையையே காரணமாகக் காட்டி வாக்கையும் மறுப்பது எத்துணைக் கொடுமை என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. அவ்வாண்டிலேயே அவர் வழக்குரைஞராகவும் பதிவு பெற்றார்.

1869இல் மாநிலக் காவற்படையின் துணைத் தலைமை அலுவலராக அமர்த்தப்பட்ட அவர், முகமூடியணிந்து கறுப்பின மக்களைக் கொன்று வந்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரை எதிர்கொள்ளும் பொறுப்பை ஏற்றார். பின்னர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கு இருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்கூட்டத்தாரை ஒடுக்க 1871இல் கொணரப்பட்ட சட்டத்தை அவையில் ஆதரித்துப் பேசினார்.

1874 சனவரி 6ஆம் நாள் அவர் வாழ்வில் தலையாய நாளாகும். விடுதி, ஊர்தி, அரங்கம், பள்ளி ஆகியவற்றில் நிறவேற்றுமை கூடாதெனும் குடியுரிமை மசோதா அப்போது விவாதத்தில் இருந்தது. முன்னாள் அதனை எதிர்த்துப் பேசியவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ். பிரிந்துசென்ற தென்னாட்டரசின் துணைத்தலைவராயிருந்து, கறுப்பரின் அடிமைநிலையே அவ்வரசின் மூலைக்கல் என 1861இல் முழங்கியவர் அவர். அவருடைய வாதங்களை எலியட் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அரசியலமைப்பையும் நீதிமன்றத் தீர்ப்பையும் சான்றாக்கி மறுத்தார். குடிமகனின் உரிமையைக் காக்கும் கடமை நடுவண் அரசுக்கு உண்டென நிலைநாட்டினார். மசோதா 1875இல் சட்டமாயிற்று. ஆனால் பள்ளிகளைப் பற்றிய பகுதி அதற்குமுன் நீக்கப்பட்டுவிட்டது. விடுதியின் கதவைத் திறக்க இசைந்தவர்களும் கல்விக்கூடத்தின் கதவைத் திறக்க இசையவில்லை. கல்வியின் ஆற்றலை ஆதிக்கம் செலுத்துவோர் எவ்வளவு நன்கறிவர் என்பதை இதனால் உணர்கின்றோம்.

மாநில ஆட்சியில் மலிந்த ஊழலைக் களையும் நோக்கத்துடன் எலியட் 1874இல் நாடாளுமன்றப் பதவியைத் துறந்து ஊர் திரும்பி, மாநிலச் சட்டமன்றத்தின் அவைத்தலைவரானார். 1876இல் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்றார். செஞ்சட்டைக் கும்பல்கள் துப்பாக்கியேந்தி வாக்காளரை அச்சுறுத்திய தேர்தல் அது. இரு தரப்பாரும் வெற்றி தமதே என்றனர். ஒரே மாநிலத்தில் இரண்டு அரசுகள் இயங்கின. 1877 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் நடுவண் படையை விலக்கிக் கொண்டார். மறுமாதமே எலியட் பதவியினின்று வெளியேற்றப்பட்டார். சட்டத்தின் காவலராக அமர்ந்தவரைக் காக்கச் சட்டம் முன்வரவில்லை.

அதன்பின் அவர் தொழில் நலிந்தது. 1879இல் சுங்கத்துறையில் ஒரு சிறு பணியை ஏற்றார். அந்நிலையிலும் 1881இல், பதவியேற்கவிருந்த கார்ஃபீல்டைக் கறுப்பினத் தூதுக்குழுவுடன் கண்டு, தென்னாட்டில் தம் மக்கள் உரிமையிழந்து வாடுவதை எடுத்துரைத்தார். அவ்வாண்டே நியூ ஆர்லியன்சு நகருக்கு மாற்றப்பட்டார். மலேரியாக் காய்ச்சலும் அவரை வாட்டியது. பின்பு அப்பணியையும் இழந்தார். அவர் வாதாடிய 1875ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாதென உச்ச நீதிமன்றம் 1883இல் தீர்ப்பளித்ததையும் காண நேர்ந்தது. 1884 ஆகஸ்டு 9ஆம் நாள், 42 வயது நிறைய இரு நாட்களே இருக்கையில், வறுமையில் மறைந்தார்.

எலியட் தோற்றாரா? 1962இல் மாசச்சூசெட்ஸ் மாநில மக்கள் எட்வர்டு புரூக் என்னும் கறுப்பினத்தவரை அட்டர்னி ஜெனரலாகத் தேர்ந்தெடுத்தனர். எலியட் கேட்ட உரிமைகளை, கைவிடப்பட்ட கல்வியுரிமை உட்பட, 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. இடையே கழிந்தவை 90 ஆண்டுகள். அவற்றில் கல்வி மறுக்கப்பட்டு மடிந்த தலைமுறைகள் பல. பெற்ற உரிமையும் காப்பாரின்றேல் பறிபோகும். காக்கும் தகுதியைத் தருவது கல்வி; காக்கும் வலிமையைத் தருவது ஒற்றுமை. இவ்விரண்டையும் நம் இளைஞர் ஒருங்கே பெறுவாராக.