எல்லார் இல்லத்திற்கும் ஓவியம் தந்த ரவிவர்மா

நெடுங்காலம் ஓவியத்தைக் காண மக்கள்தாம் அதைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. சித்தன்னவாசலின் தாமரைத் தடாகத்தைக் காண விரும்பியவர் குன்றேறினார். திருப்பருத்திக்குன்றத்து விதானத்தில் தீட்டப்பெற்ற தீர்த்தங்கரர் வரலாற்றைக் காண விரும்பியவர் அங்குச் சென்று அண்ணாந்து நின்றார். மன்னர் மாளிகைகளில் தொங்கிய ஓவியங்களோ மாளிகைக்குள் நுழையத் தகுதி பெற்றவர்க்கு மட்டுமே காட்சி தந்தன. சிற்றூரில் வாழும் உழவரும் நெசவாளரும் தம் இல்லச் சுவரில் ஓவியம் ஒன்றை மாட்டிவைத்து நாளும் காண்பது என்பது எண்ணிப் பார்க்கவும் இயலாத ஒன்றாக இருந்தது.

அதனை இயலச் செய்தவர்களுள் முதன்மையானவர் ரவிவர்மா. அவர் வரைந்த படங்களை அறிந்த அளவிற்கு அவர்தம் வாழ்க்கையை நம்மவர் அறியார். பிறர் மறைத்த கல்வியைத் தாமே முயன்று பெற்று, பெற்ற பயனை நாடெங்கும் பரப்பிய அவ்வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

திருவனந்தபுரத்திற்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கிளிமானூர். அவ்வூர் அரண்மனையில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் ரவிவர்மா பிறந்தார். தந்தையார் நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழிப் புலமை மிக்கவர். தாயார் உமா அம்பாபாய் கவி இயற்றும் ஆற்றல் பெற்றவர். அவ்வம்மையார் இயற்றிய பார்வதி சுயம்வரம் என்னும் நூலை, அவர் மறைவிற்குப் பின் மகனே அச்சிட்டு வெளியிட்டார். உடன்பிறந்த தங்கை மங்களாபாயும் ஓவியம் தீட்டக் கற்றவர்.

சிறுவனான ரவிவர்மா அரண்மனைச் சுவர்களில் கரித்துண்டால் படங்கள் வரைவாராம். வெண்சுவரைக் கெடுத்த பிள்ளைக்குப் பெரியோர் எதைத் தருவர் என்பது நாம் அறிந்ததே. ஆனால் தாய்மாமன் ராஜராஜவர்மா தாமே ஓர் ஓவியர். தஞ்சாவூர் ஓவிய முறையில் பயின்றவர். அவர் சுவரில் கறையைக் காணவில்லை, கையின் திறத்தைக் கண்டார். மருமகனை அருகமர்த்திக் கற்பிக்கத் தொடங்கினார். 1862ஆம் ஆண்டில், பதினான்கு வயதுச் சிறுவனைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று மன்னர் ஆயில்யம் திருநாளின் ஆதரவில் சேர்ப்பித்தவரும் அவரே.

மறைக்கப்பட்ட கல்வி

அக்காலத்து ஓவியர் தாவரங்களிலிருந்தும் கற்களிலிருந்தும் எடுத்த வண்ணங்களை நீரில் குழைத்துத் தீட்டி வந்தனர். ஐரோப்பியர் கையாண்ட எண்ணெய் வண்ணமோ இங்குப் புதியது. அது விரைவில் உலராது. ஆதலால் ஒரு வண்ணத்தை மற்றொன்றுடன் மெல்ல இழைத்து, தோலின் மென்மையையும் பட்டின் மினுமினுப்பையும் நகையின் ஒளியையும் உள்ளது உள்ளவாறு காட்ட இயலும். ஆயினும் எந்த வண்ணத்தின் மேல் எதனைப் பூசுவது, எத்துணை எண்ணெய் கலப்பது, எப்போது காத்திருப்பது என்பனவற்றை அறிந்தார் ஒருவர் சொல்லிக் கொடுத்தாலன்றி அறிவது அரிது.

திருவிதாங்கூர் அரண்மனையில் அவ்வித்தையை அறிந்திருந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். இளைஞர் ரவிவர்மாவிடம் எதிர்காலப் போட்டியாளரைக் கண்ட அவர், கற்பிக்க மறுத்துவிட்டார். அவர்தம் மாணவரான ஆறுமுகம் பிள்ளை என்பார், ஆசிரியர் அறியாவண்ணம் இரவு வேளைகளில் வந்து தாம் அறிந்ததை ரவிவர்மாவிற்குச் சொல்லிக் கொடுத்தார் என்பர்.

1868ஆம் ஆண்டில் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மன்னரை வரைவதற்காக வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. மன்னர் வற்புறுத்தியதன்பேரில், தாம் வரையும்போது அருகில் நின்று பார்க்க மட்டும் இளைஞரை அனுமதித்தார். ரவிவர்மா நின்றார், பார்த்தார். தூரிகை செல்லும் வழியையும், வண்ணம் கலக்கும் அளவையும் கண்ணால் கற்றார். பின்னர்த் தம் அறைக்குச் சென்று செய்து பார்த்தார். பிழைபட்டவற்றை மீண்டும் செய்தார். பள்ளியில் பல்லாண்டு பாடம் சொன்ன நமக்கு ஒன்று நன்கு தெரியும்: ஊட்டப்பட்ட பாடத்தை மறக்கும் மாணவன், தானே தேடிக் கண்டதை மறப்பதில்லை. ரவிவர்மாவின் கல்வி அத்தகையது.

இதற்கிடையில் 1866ஆம் ஆண்டில் மாவேலிக்கரை அரச குடும்பத்தைச் சேர்ந்த பாகீரதிபாயுடன் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மனைவியின் தமக்கையர் திருவிதாங்கூர் அரச குடும்பத்திற்குத் தத்தெடுக்கப்பட்டவர் ஆதலின், அரச குடும்பத்துடன் உறவும் ஏற்பட்டது.

புகழ் பரவுதல்

1870ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தாரை வரைந்து அவர் முதன்முதலாக ஊதியம் பெற்றார். உயர்குடியில் பிறந்தவர் கைத்தொழிலால் பொருள் ஈட்டுவதை இழிவாகக் கருதிய காலம் அது. ரவிவர்மா அதனைப் பொருட்படுத்தவில்லை.

1873ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மலர் சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்திற்காக ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டு அதே சென்னையில், ஸ்வரபத் என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணின் ஓவியம் பாராட்டுப் பெற்றது. 1876ஆம் ஆண்டில் சகுந்தலை மடல் எழுதும் காட்சியைத் தீட்டினார். அதனைச் சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் விலைக்கு வாங்கினார். சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த மோனியர் வில்லியம்ஸ், அவ்வோவியத்தைத் தம் நூலின் பிற்பதிப்பு ஒன்றில் முகப்புப் படமாகச் சேர்த்தார்.

1880ஆம் ஆண்டில் ஆயில்யம் திருநாள் மறைந்தார். அடுத்து அரியணை ஏறிய மன்னருடன் மனவேறுபாடு தோன்றவே, ரவிவர்மா திருவனந்தபுரத்தை விட்டு நீங்கினார். அந்த இழப்பே அவரைப் பாரதம் முழுமைக்கும் உரியவராக்கியது. முன்னர்த் திருவிதாங்கூரில் திவானாக இருந்து பின்னர்ப் பரோடாவில் அப்பொறுப்பை வகித்த மாதவராவ், அவரைப் பரோடாவிற்கு அழைத்தார். மைசூர் மன்னரும் அழைத்தார். 1888ஆம் ஆண்டில் பரோடா மன்னர் சாயாஜிராவ், இராமாயண, பாரத, புராணக் காட்சிகளைக் கொண்ட 14 ஓவியங்களை வரைந்து தருமாறு கேட்டுக்கொண்டார்.

இங்கே ஓர் இடர் எழுந்தது. சீதையும் தமயந்தியும் எவ்வாறு உடுத்தியிருப்பர்? மலையாள நாட்டுப் பெண்ணைப் போல் வரைந்தால் வங்கத்தார் ஏற்பரோ? ரவிவர்மா தம் தம்பி ராஜராஜவர்மாவுடன் வடநாடு முழுதும் பயணம் செய்தார். ஊர்தோறும் மக்களின் உடையையும் அணியையும் முகச்சாயலையும் கண்டறிந்தார். பல மாநிலத்தாரும் தம்மவர் என ஏற்கும் வண்ணம் தம் நாயகியர்க்குப் புடவையை உடுத்தினார். தம்பியும் சிறந்த ஓவியர். தமையனார் வரைந்த மாந்தருக்குப் பின்னே விளங்கும் மலையும் வானும் நீர்நிலையும் பல படங்களில் தம்பியின் கைவண்ணமே.

1891ஆம் ஆண்டில் மனைவி பாகீரதிபாய் காலமானார். இரு ஆண்டுகளுக்குப் பின், 1893ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கு ரவிவர்மா பத்து ஓவியங்களை அனுப்பினார். அவற்றிற்கு இரு விருதுகள் கிடைத்தன.

அச்சகமும் கடனும்

இந்நிலையில் ஒருவர் மனநிறைவுடன் ஓய்ந்திருக்கலாம். ஆனால் ஓர் ஓவியத்தை ஒரு மன்னர் வாங்கினால், அது ஒரு சுவரை மட்டுமே அணி செய்யும். மாதவராவ் முன்னரே கூறியிருந்த யோசனை ஒன்று உண்டு. ஓவியங்களை அச்சிட்டு வெளியிட்டால் நாட்டினர் அனைவரும் பெறலாம் என்பதே அது. 1894ஆம் ஆண்டில் பம்பாயை அடுத்த காட்கோபரில் ரவிவர்மா ஓவிய அச்சகத்தை நிறுவினார். பொறிகளும் தொழில் வல்லுநரும் ஜெர்மனியிலிருந்து வந்தனர்.

அவ்வச்சுமுறை எளிதன்று. வழவழப்பான கல்லின் மேல் படத்தை இடவலமாக மாற்றி வரைய வேண்டும். ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு தனிக் கல். ஒரு தாளைப் பல கற்களின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அழுத்துவர். ஒரு கல் இம்மியளவு விலகினும் முகமே சிதைந்துவிடும். இறுதியில் மெருகெண்ணெய் பூசுவர். அப்போது அச்சுப்படம் எண்ணெய் ஓவியம் போலவே பொலியும். சகுந்தலையின் பிறப்பே அங்கு முதலில் அச்சானது என்பர். தொடர்ந்து திருமகளும் கலைமகளும் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் சென்றனர்.

இதன் பயன் எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயில் வாயில் அடைபட்டிருந்த காலம் அது. கருவறையைக் காண இயலாதவர், சில காசுகளுக்கு வாங்கிய படத்தைத் தம் குடிசையில் மாட்டி வழிபட்டனர். தெய்வ உருவம் அவர்தம் இல்லத்திற்குள் வருவதை எவராலும் தடுக்க இயலவில்லை. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் கோயில்களை அனைத்து இந்துக்களுக்கும் திறந்துவிடும் ஆணையைப் பிறப்பித்தவர் மன்னர் சித்திரைத் திருநாள். அவர்தம் அன்னையார் சேது பார்வதிபாய், 1900ஆம் ஆண்டில் அரச குடும்பத்திற்குத் தத்தளிக்கப்பட்ட ரவிவர்மாவின் மகள்வழிப் பேத்தி.

மக்களுக்குப் பயன் விளைந்தது. நிறுவியவர்க்கோ கடனே மிஞ்சியது. பம்பாயில் கொள்ளைநோய் பரவியதால் தொழில் நலிந்தது. 1899ஆம் ஆண்டில் அச்சகத்தை லோணாவலாவிற்கு அருகிலுள்ள மளவலிக்கு மாற்றினர். கடன் குறையவில்லை. இறுதியில், அங்குப் பணிபுரிந்த ஜெர்மானியர் ஷ்லைஷருக்கே அச்சகத்தை விற்க நேர்ந்தது. படங்களை அச்சிடும் உரிமையும் உடன் சென்றது. தாம் ஈன்ற உருவங்களின் மேல் தமக்கே உரிமையின்றி நின்றார் ரவிவர்மா. ஆயினும் தூரிகையை அவர் கீழே வைக்கவில்லை.

இறுதி நாட்கள்

1904ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அவருக்குக் கெய்சரி ஹிந்த் பதக்கம் வழங்கியது. அதனையொட்டியே அவர் பெயருக்கு முன் ராஜா என்னும் சொல் நிலைபெற்றது. அவர் நாடாண்ட மன்னர் அல்லர். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நிழல்போல் உடனிருந்த தம்பி ராஜராஜவர்மா மறைந்தார். நீரிழிவு நோயால் தளர்ந்திருந்தும், மைசூர் மன்னருக்கு ஒப்புக்கொண்ட ஓவியங்களை ரவிவர்மா தீட்டி வந்தார். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், தாம் பிறந்த கிளிமானூரிலேயே, ஐம்பத்தெட்டாம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்த சிறிது காலத்திலேயே கடும் கண்டனங்கள் எழுந்தன. கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி போன்றோர், ரவிவர்மாவின் தெய்வங்கள் நாடக மேடையில் நிற்கும் மாந்தரைப் போல் உள்ளனர் என்றும், பாரத மரபின் உள்ளொளி அவற்றில் இல்லை என்றும் கருதினர். இக்கருத்தை நாம் புறந்தள்ளுதல் கூடாது. அஜந்தாவிலும் சித்தன்னவாசலிலும் ஒரு கோட்டின் வளைவிலேயே உள்ளத்தின் அமைதி புலப்படுகிறது. ரவிவர்மாவின் ஓவியத்திலோ பட்டும் பொன்னும் கண்ணைப் பறித்துவிடுவது உண்டு. ஆனால் ஒரு கலையை உயர்வு தாழ்வு கூறி மதிப்பிடுவதற்கும், மக்கள் அதனைக் கண்டிருத்தல் வேண்டுமன்றோ? கோடிக்கணக்கானோர்க்குக் காணும் வாய்ப்பை முதலில் அளித்தவர்களுள் அவர் ஒருவர்.

அவர் நிறுவிய அச்சகம் 1972ஆம் ஆண்டில் தீக்கிரையானது. எனினும் அவர் காட்டிய வழி அழியவில்லை. கோவில்பட்டியில் கொண்டையராஜு முதலியோர் வரைந்து, சிவகாசியில் அச்சான நாட்காட்டிப் படங்கள் அவ்வழியில் வந்தவையே. 1979ஆம் ஆண்டில் இந்திய அரசு ரவிவர்மாவின் ஓவியங்களை நாட்டின் கலைச்செல்வமாக அறிவித்தது. திருவனந்தபுரத்திலும், மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலும், பரோடா அருங்காட்சியகத்திலும் மூல ஓவியங்களைக் காணலாம். அவ்வூர்களுக்குச் செல்லும் நம்மவர், பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று நின்று நிதானமாகப் பார்க்கச் செய்தல் நலம்.

பார்ப்பதும் ஒரு கல்வியே. ஜென்சனின் அருகில் நின்று பார்த்ததே அந்த இளைஞரை ஓவியராக்கியது. தாம் கேட்டபோது ஒருவர் மறுத்த கலையை, அவர் பின்னாளில் எவருக்கும் மறுக்கவில்லை. நம்மிடம் உள்ள கோலமோ, பாட்டோ, எழுத்தோ, கைத்தொழிலோ எதுவாயினும், கேட்கும் பிள்ளைக்கு ஒளிக்காமல் கற்பிப்போமாக.