கண்ணாடிக்குப் பின்னால் பாம்பு... டார்வின் ஏன் துள்ளிக் குதித்தார்?

லண்டன் விலங்குத்தோட்டம். கனத்த கண்ணாடிக்குப் பின்னால் ஆப்பிரிக்க விரியன் பாம்பு. கண்ணாடியை ஒட்டி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார் ஒருவர். பாம்பு கொத்த வந்தாலும் அசையக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் நிற்கிறார். பாம்பு பாய்ந்தது. அடுத்த நொடி அவர் ஓரிரு கஜம் பின்னால் துள்ளியிருந்தார்.

அவர் சார்ல்ஸ் டார்வின். கண்ணாடி உடையாது என்று அவருக்குத் தெரியும். விரியன் கடித்த அனுபவமும் அவருக்கு இல்லை. பிறகு அந்தத் துள்ளல் எங்கிருந்து வந்தது?

டார்வின் என்றதும் குரங்கு முதல் மனிதன் வரை வரிசையாக நடந்துபோகும் படம்தானே உங்கள் நினைவுக்கு வரும்? (அந்தப் படம் அவர் வரைந்ததே இல்லை. அவர் இறந்து பல ஆண்டுக்குப் பிறகு வந்தது.) அவரை வாழ்நாள் முழுக்கத் துரத்திய இன்னொரு கேள்வி உண்டு. நாம் ஏன் பயப்படுகிறோம், ஏன் முகம் சிவக்கிறோம், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து அவர் மனத்தை எப்படிப் படிக்கிறோம்?

1809ல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில், மருத்துவர் வீட்டில் பிறந்தவர். எட்டு வயதில் தாயை இழந்தார். அப்பாவைப் போல மருத்துவராகட்டும் என்று 16 வயதில் எடின்பர்க்குக்கு அனுப்பினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். அறுவைச் சிகிச்சையைப் பார்க்க முடியாமல் ஓடியே வந்துவிட்டார். அந்த ஊரில் அவருக்கு உருப்படியாகக் கிடைத்தது வேறு ஒன்று. விடுதலை பெற்ற கறுப்பின அடிமையான ஜான் எட்மன்ஸ்டனிடம் காசு கொடுத்து, இறந்த பறவைகளைப் பதப்படுத்தக் கற்றுக்கொண்டார். அந்த மனிதரின் மனமும் நம் மனமும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பல்லாண்டு கழித்துக்கூட நினைவுகூர்ந்தார்.

1831 டிசம்பரில் பீகல் கப்பலில் புறப்பட்டார். அதில் தென் அமெரிக்காவின் தென்கோடியான தியேரா டெல் ஃபுவேகோவைச் சேர்ந்த மூவரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜெமி பட்டன். கப்பல் தலைவர் அவரை முன்பே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஆங்கிலமும் கையுறையும் பளபளக்கும் காலணியும் பழக்கியிருந்தார். 1833ல் சொந்த மண்ணில் இறக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு கப்பல் திரும்பிப் போனபோது ஜெமி மெலிந்து, தலை கலைந்து, ஏறக்குறைய ஆடையின்றி இருந்தார். கப்பலில் இருந்தவர்களைப் பார்த்ததும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். வெட்கம்! ஆனால் இங்கிலாந்துக்குத் திரும்பி வர மறுத்துவிட்டார்.

பிரேசிலில் நடந்ததுதான் டார்வினை அதிகம் உலுக்கியது. படகில் ஆற்றைக் கடக்கிறார். உடன் ஒரு கறுப்பினத்தவர். சொல்வது அவருக்குப் புரியவில்லை. டார்வின் சத்தமாகப் பேசி, கையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டுகிறார். கை அவர் முகத்தருகே போகிறது. அவ்வளவுதான். ஆஜானுபாகுவான அந்த மனிதர் கண்ணைப் பாதி மூடி, இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றார். அடி விழப்போகிறது என்று நினைத்துவிட்டார். தடுக்கக்கூட அவர் கை எழவில்லை.

பாம்புக் கூண்டையும் இந்தப் படகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே, பட்டறியாத ஆபத்துக்கு உடல் தானாகவே விலகியது. இங்கே, விலக வேண்டிய உடலை அசையாமல் நிற்கப் பழக்கிவிட்டது அடிமை முறை. பரிணாமம் கொடுத்ததைச் சமூகம் பிடுங்கிவிட முடியும். வெட்கமும் அருவருப்பும் கலந்த அந்த உணர்வை டார்வின் மறக்கவே இல்லை.

ஊர் திரும்பிய பிறகும் பார்ப்பதை நிறுத்தவில்லை. 1838ல் லண்டன் விலங்குத்தோட்டத்தில் ஜென்னி என்ற ஓராங் ஊத்தானைப் பார்த்தார். பராமரிப்பாளர் ஆப்பிளைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் இருக்க, ஜென்னி மல்லாந்து விழுந்து, காலை உதைத்து அழுதது. அடம்பிடிக்கும் பிள்ளையேதான். அடுத்த ஆண்டு சொந்தப் பிள்ளை பிறந்ததும் அதன் அழுகை, கோபம், சிரிப்பு எல்லாவற்றையும் நாள்வாரியாகக் குறித்தார். பாவம் அந்தக் குழந்தை!

1859ல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வந்தது. அந்தக் கதை உங்களுக்குத் தெரியும்.

தெரியாத கதை நம் வட்டாரத்தோடு தொடர்புடையது. 1867ல் டார்வின் 16 கேள்விகளை அச்சிட்டு உலகெங்கும் அனுப்பினார். வியப்பில் கண்ணும் வாயும் அகல விரிகின்றனவா? வெட்கத்தில் முகம் சிவக்கிறதா? மலாக்காவின் உட்பகுதியில் சுரங்கப் பொறியாளராக இருந்த கீச் என்பவர், மலாய்க்காரர்களைக் கவனித்து இரண்டு நீண்ட கடிதங்கள் எழுதினார். இங்குக் குடியேறிய சீனர்களையும் கவனித்தார். இலங்கையில் தமிழர் முகங்களைக் கவனித்துப் பதில் அனுப்பியவர் கிளெனி என்ற பாதிரியார். ஆக, நம் முன்னோர் முகமும் டார்வின் மேசைக்குப் போயிருக்கிறது.

பதில்களைச் சேர்த்து 1872ல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலை வெளியிட்டார். முக்கிய உணர்ச்சிகள் எல்லா இனத்தவர் முகத்திலும் ஒரே மாதிரி தெரிகின்றன, ஆகவே நாம் அனைவரும் ஒரே மூதாதையர் வழி வந்தவர்கள் என்பது அவர் வாதம். முகம் சிவப்பது மனிதருக்கே உரியது, பிறர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற எண்ணத்தால் வருவது என்றார். பார்வையற்றவர்களுக்கும் முகம் சிவக்கிறது.

ஆனால் அவரை முழு நல்லவராக்கிவிட வேண்டாம். முந்தைய ஆண்டு வந்த மனிதத் தோற்ற நூலில், பரிவு குலத்தைத் தாண்டி எல்லா மக்களுக்கும் விரிய வேண்டும் என்றார். அதே நூலில் சில இனங்களைத் தாழ்ந்தவை என்றும், பெண்களின் அறிவாற்றல் ஆண்களைவிடக் குறைவு என்றும் எழுதினார். படகில் வெட்கப்பட்ட அதே மனிதர்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் நேர்மையை மெச்சலாம். பிரெஞ்சு மருத்துவர் டுஷேன், மின்சாரத்தால் முகத் தசைகளைச் சுருக்கிப் படம் எடுத்திருந்தார். அவற்றை விளக்கம் சொல்லாமல் 20க்கும் மேற்பட்டோரிடம் காட்டினார் டார்வின். சில படங்களில் எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். சிலவற்றில் ஆளுக்கொரு பதில். முதலில் பார்த்தபோது டார்வினுக்கு அவை கச்சிதமாகத் தெரிந்தன. காரணம், விளக்கத்தையும் சேர்த்தே படித்திருந்தார். படிக்காமல் இருந்திருந்தால் தானும் குழம்பியிருப்பேன் என்று நூலிலேயே ஒப்புக்கொண்டார்.

1882 ஏப்ரல் 19ஆம் தேதி டவுன் கிராமத்து வீட்டில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டார். முகம் பொதுமொழியா, இல்லை நாம்தான் அதில் அர்த்தத்தை ஏற்றுகிறோமா என்று உளவியலாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.