ஒன்றரை டாலரில் எழுந்த கலாசாலை

அமெரிக்காவில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1865-ம் ஆண்டில். அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1875-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி, தெற்குக் கரோலினா மாநிலத்தில் மேயஸ்வில் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு குடிசையில் பெண் குழந்தை ஒன்று பிறந்தது. தாயும் தந்தையும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அவர்களுடைய பதினேழு குழந்தைகளில் இது பதினைந்தாவது. மேரி என்று பெயரிட்டார்கள்.

அந்த மேரிதான் பிற்காலத்தில் ஒரு கலாசாலையை நிறுவி, அதன் தலைவராக இருந்து, அமெரிக்க ஜனாதிபதிக்கே ஆலோசனை சொல்லும் நிலைக்கு உயர்ந்த மேரி மக்லவுட் பெத்யூன் அம்மையார்.

பறிக்கப்பட்ட புத்தகம்

மேரியின் தாய், வெள்ளைக்காரர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுத்து வந்தாள். ஒரு நாள் தாயுடன் போன சிறுமி மேரி, அந்த வீட்டுக் குழந்தைகள் விளையாடும் அறையில் ஒரு புத்தகத்தைக் கண்டாள். ஆசையோடு கையில் எடுத்தாள். உடனே ஒரு வெள்ளைச் சிறுமி அதைப் பிடுங்கிக்கொண்டாள். உனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே, அதைத் தொடாதே என்று கடிந்துகொண்டாள்.

அந்தச் சொல் மேரியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. வெள்ளையருக்கும் தங்களுக்கும் உள்ள வித்தியாசம் தோலில் இல்லை, எழுத்தில்தான் இருக்கிறது என்று அந்தப் பிஞ்சு மனம் தீர்மானித்துவிட்டது.

அந்தப் பக்கத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. பின்னர் பாதிரிமார் சபை ஒன்று மேயஸ்வில்லில் ஒரு பள்ளி திறந்தது. வீட்டில் எல்லோரையும் அனுப்ப வசதியில்லை. பருத்தி பறிக்க ஆள் வேண்டுமே! மேரிக்கு மட்டும் அந்தப் பாக்கியம் கிடைத்தது. தினமும் போக ஐந்து மைல், வர ஐந்து மைல் நடந்தாள். கற்றதை இரவில் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

எங்கோ இருந்த தையற்காரி

பள்ளிப் படிப்பு முடிந்தது. மேலே படிக்கப் பணம் இல்லை. அப்போது வெகு தூரத்தில், கொலராடோவில் உள்ள டென்வர் நகரில், மேரி கிரிஸ்மன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி இருந்தாள். தையல் வேலை செய்து பிழைப்பவள். தான் சேமித்த பணத்தைக் கொண்டு கறுப்பினக் குழந்தை ஒன்றைப் படிக்கவைக்க அவள் விரும்பினாள். அந்த உதவி மேரிக்கு வந்தது. 1888-ம் ஆண்டு வடக்குக் கரோலினாவில் உள்ள ஸ்கோஷியா பெண்கள் பள்ளியில் சேர்ந்தாள். 1894 வரை அங்கே படித்தாள். பிறகு சிகாகோ நகரில் மூடி வேதாகமக் கல்லூரியில் ஓராண்டு பயின்றாள்.

ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்குள்ள தம் இனத்தாருக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்பதே மேரியின் கனவு. மிஷன் சபைக்கு மனுப் போட்டார். ஆப்பிரிக்காவில் கறுப்பினப் பிரசாரகர்களுக்கு இடமில்லை என்று பதில் வந்தது. கறுப்பர்களின் கண்டத்தில் கறுப்பினப் பெண்ணுக்கு இடமில்லையாம்! தம் வாழ்நாளிலேயே மிகப் பெரிய ஏமாற்றம் அதுதான் என்று அம்மையார் பின்னாளில் சொல்வதுண்டு.

மனம் சோர்ந்து ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் லூசி லேனி அம்மையாரின் பள்ளியில் உபாத்தியாயினியாகச் சேர்ந்தார். லேனி அம்மையாரும் அடிமைகளாக இருந்தவர்களின் மகள். தாமே பள்ளி நிறுவி நடத்தியவர். ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை, செய்ய வேண்டிய வேலை காலடியிலேயே கிடக்கிறது என்பதை மேரி அங்கேதான் உணர்ந்தார். 1898-ல் ஆல்பர்ட்டஸ் பெத்யூன் என்பவரை மணந்தார். ஒரு மகன் பிறந்தான். அந்த இல்லறம் நீடிக்கவில்லை. 1907-ல் கணவர் பிரிந்து சென்றார்.

ஐந்து மாணவிகள்

புளோரிடா மாநிலத்தில் டேடோனா, பணக்காரர்கள் குளிர்காலத்தைக் கழிக்க வரும் கடற்கரை ஊர். ரயில் பாதை போடும் வேலைக்காகக் கறுப்பினக் கூலிகளும் அந்த வட்டாரத்துக்கு ஏராளமாக வந்திருந்தார்கள். அவர்களுடைய குழந்தைகளைக் கவனிப்பார் இல்லை. பெத்யூன் அம்மையார் அங்கே போய் இறங்கியபோது கையில் இருந்த ரொக்கம் ஒன்றரை டாலர்.

1904-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி, மாதம் பதினொரு டாலர் வாடகை பேசிய ஒரு சிறு வீட்டில் பள்ளி ஆரம்பமாயிற்று. ஐந்து சிறுமிகள், அவர்களோடு அம்மையாரின் மகன். கடைக்காரர்கள் எறிந்த மரப்பெட்டிகளே பெஞ்சுகள். எரிந்த குச்சிகளே பென்சில்கள். காட்டுப் பழச்சாறுதான் மை. ஊர்க் குப்பைமேட்டில் உடைந்த சாமான்களைப் பொறுக்கி வந்து கழுவிப் பயன்படுத்தினார்கள்.

பணத்துக்கு என்ன வழி? அம்மையார் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரமும் ஐஸ்கிரீமும் செய்து கூலியாட்களிடம் விற்றார். மாணவிகளை அழைத்துக்கொண்டு ஹோட்டல்களில் பாடவைத்து நிதி திரட்டினார். அந்தக் குப்பைமேட்டையே ஐந்து டாலர் முன்பணம் கொடுத்து, மீதியைத் தவணையில் அடைத்து விலைக்கு வாங்கினார்!

சோப்பு வியாபாரத்தில் கோடி சேர்த்த ஜேம்ஸ் காம்பிள் என்பவர் அப்போது டேடோனாவுக்கு வந்திருந்தார். பள்ளிக்குத் தர்மகர்த்தாவாக இருக்கும்படி அம்மையார் அவரை அழைத்தார். வந்து பார்த்தவர், பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டார். அது இன்னும் தம் மனத்தில்தான் இருக்கிறது, அந்தக் கனவுக்கே தர்மகர்த்தாவாக இருங்கள் என்றார் அம்மையார். அந்த மனிதர் மறுக்கவில்லை.

வெள்ளைக்காரச் செல்வர்களிடம் கை நீட்டினார். ஆனால் தலை குனியவில்லை. பள்ளியில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்தே உட்கார வேண்டும். ரயிலிலும் ஹோட்டலிலும் இரு இனத்தாரைப் பிரித்து வைத்த அந்தக் காலத்துத் தெற்குச் சீமையில் இது சாமானியமான காரியம் அல்ல.

மாணவி ஒருத்திக்குக் குடல்வால் நோய் கண்டது. வெள்ளையர் ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே படுக்கவைக்காமல் பின்புறத் தாழ்வாரத்தில் போட்டிருந்ததைக் கண்டு அம்மையார் கொதித்தார். 1911-ல் பள்ளியின் பக்கத்திலேயே கறுப்பினத்தாருக்கு ஓர் ஆஸ்பத்திரி திறந்தார்.

முகமூடிக் கூட்டம்

1920-ல் அமெரிக்கப் பெண்களுக்கு வோட்டுரிமை கிடைத்தது. ஆனால் தெற்கே கறுப்பினத்தார் வோட்டுப் போட எழுத்தறிவுச் சோதனை, தலைவரி என்று பல முட்டுக்கட்டைகள். அம்மையார் இரவு வகுப்பு நடத்தினார். தலைவரி கட்டப் பணம் வசூலித்தார். ஒரு தேர்தலுக்கு முந்தின இரவு, வெள்ளை அங்கியும் முகமூடியும் அணிந்த கூ க்ளக்ஸ் க்ளான் வெறியர்கள் பள்ளி வளாகத்துக்குள் அணிவகுத்து வந்தார்கள். அம்மையார் ஓடி ஒளியவில்லை. அவர்கள் எதிரே நிமிர்ந்து நின்றார். கூட்டம் கலைந்து போயிற்று. மறுநாள் அம்மையாரின் தலைமையில் கறுப்பின மக்கள் திரளாகச் சென்று வோட்டுப் போட்டார்கள்.

1923-ல் அவருடைய பெண்கள் பள்ளி, குக்மன் என்ற பள்ளியுடன் இணைந்தது. பின்னர் பெத்யூன்-குக்மன் கலாசாலை என்று பெயர் பெற்றது. 1941-ல் நான்காண்டுப் பட்டப் படிப்பு வகுப்புகளும் வந்துவிட்டன. 1942 வரையிலும், பிறகு 1946-47-லும் அம்மையாரே தலைவர். கறுப்பினப் பெண் ஒருத்தி கலாசாலைத் தலைவராக இருப்பது அந்நாளில் அபூர்வத்திலும் அபூர்வம்.

வெள்ளை மாளிகையில்

1935-ல் கறுப்பினப் பெண்களின் தேசியக் கவுன்சிலை நிறுவினார். அடுத்த ஆண்டில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், தேசிய இளைஞர் நிர்வாகத்தில் கறுப்பினத்தார் பகுதியின் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம் அது. ஏழைக் கறுப்பின மாணவர்களுக்கு உதவிப் பணமும் தொழிற்பயிற்சியும் கிடைக்க அம்மையார் ஓயாமல் வாதாடினார். ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அவருக்கு உற்ற தோழி. ரூஸ்வெல்ட் காலமான பிறகு, அவருடைய கைத்தடி ஒன்றை எலினார் அம்மையாருக்கே நினைவுப் பொருளாகக் கொடுத்தார்.

1952-ல் ஒரு விசித்திரம் நடந்தது. ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டில் ஜனாதிபதி டப்மன் பதவி ஏற்கும் விழாவுக்கு அமெரிக்காவின் பிரதிநிதிகளில் ஒருவராக அம்மையார் அனுப்பப்பட்டார். இருபது வயதில் எந்த மண்ணில் இடமில்லை என்றார்களோ, அதே மண்ணில் எழுபத்தாறாவது வயதில் அரசாங்க மரியாதையுடன் கால் வைத்தார்!

1954 மே 17-ந் தேதி, பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் காண உயிரோடு இருந்தார். சரியாக ஓராண்டும் ஒரு நாளும் கழித்து, 1955 மே 18-ந் தேதி, டேடோனாவில் தம் இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். அவருடைய உடல் கலாசாலை வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அவர் திறந்த வழியில் மற்றவர்கள் வந்து சேர வெகு காலம் பிடித்தது. கறுப்பினப் பெண்களுக்கென்றே 1881-ல் தொடங்கிய ஸ்பெல்மன் கல்லூரிக்குக்கூட, ஒரு கறுப்பினப் பெண் தலைவராக வந்தது 1987-ல்தான். ரூத் சிம்மன்ஸ் அம்மையார் புகழ்பெற்ற பிரௌன் பல்கலைக்கழகத்தின் தலைவரானது 2001-ல். டேடோனாக் கலாசாலையும் 2007-ல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

வாஷிங்டன் பார்லிமெண்டு மாளிகையில் ஒவ்வொரு மாநிலமும் தன் புகழுக்குரிய இருவரின் சிலையை வைக்கலாம். புளோரிடாவின் சார்பில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படைத் தளபதி ஒருவரின் சிலை அங்கே நின்றிருந்தது. அதை அகற்றிவிட்டு, 2022-ம் ஆண்டு ஜூலை மாதம் வேறொரு சிலையைத் திறந்தார்கள். மாநிலங்கள் அளித்த அந்தச் சிலை வரிசையில் இடம் பெற்ற முதல் கறுப்பினத்தவரின் சிலை அது.

அந்தச் சிலை, புத்தகத்தைத் தொடாதே என்று ஒரு நாள் விரட்டப்பட்ட மேயஸ்வில் சிறுமியுடையது.