ஐந்து ஏக்கர் நிலமும் கேசவப் பிள்ளையும்

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லிக்குப் போகும் சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று சாவடிப் பெயர்களாகவே வரும். வழிப்போக்கர் தங்கி இளைப்பாற ஏற்பட்ட இடம் சாவடி. ரயில் வராத காலத்தில் மேற்கேயிருந்து பட்டணத்துக்கு நடந்து வந்தவர்களுக்கு அதுதான் பெருவழி. பஞ்சம் பிழைக்க அப்படி வந்தவர்கள் எத்தனையோ பேர், தரகனின் பேச்சை நம்பித் துறைமுகம் போய்க் கப்பலேறிவிட்டார்கள். 1845-ல் சென்னையிலிருந்து பிரிட்டிஷ் கயானாவுக்கே கூலிக் கப்பல் போயிற்று. தென் அமெரிக்காவின் வட கரையில், உலகத்தின் மறுகோடியில் இருக்கிற நாடு அது!

போனவர்கள் கைநாட்டு வைத்த ஒப்பந்தம் பொல்லாதது. ஐந்து வருஷம் ஒரே தோட்டத்தில் கட்டுப்பட்டு உழைக்க வேண்டும். வேலைக்கு வராவிட்டால் சிறை. மேலும் ஐந்து வருஷம் அந்நாட்டிலேயே இருந்தால்தான் ஊர் திரும்பக் கப்பல் சலுகை. அந்தச் சலுகையை விட்டுக் கொடுத்தால் அதற்குப் பதிலாக நிலம் தருகிறோம் என்று கயானா சர்க்கார் ஆசை காட்டியதும் உண்டு. இப்படி 1838 முதல் 1917 வரை அங்கே போய்ச் சேர்ந்த இந்தியர் 2,38,000-க்கு மேல். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போனவர்கள்; தமிழர் சில ஆயிரம் பேர். பெர்பீஸ் பகுதியில் மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு அவர்கள் காலந்தள்ளினார்கள்.

1917-ல் இந்திய சர்க்கார் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. தோட்ட முதலாளிகள் தவித்துப் போனார்கள். அப்போதுதான் திவான் பகதூர் பி. கேசவப் பிள்ளைக்கு இந்த விவகாரத்தில் வேலை வந்தது.

குத்தி வக்கீல்

1860-ல் பிறந்த கேசவப் பிள்ளை, அனந்தப்பூர் ஜில்லா குத்தியில் வக்கீலாக இருந்தார். 1885-ல் பம்பாயில் காங்கிரஸ் முதன்முதலாகக் கூடியபோது அங்கே இருந்த பிரதிநிதிகளில் அவரும் ஒருவர். 'ஹிந்து' பத்திரிகைக்கு நிருபராகவும் எழுதி வந்தார்.

1893-ல் குந்தக்கல் பக்கத்தில் ஒரு சம்பவம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இரண்டு பெண்களைத் துரத்தி வந்தார்கள். ஹம்பண்ணா என்ற ரயில்வே கேட் காவற்காரர் அந்தப் பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். குண்டடிபட்டு உயிரை விட்டார். குற்றம் சாட்டப்பட்ட சிப்பாய் விடுதலையாகிவிட்டான். ஏழைக் காவற்காரனின் சாவு அத்தோடு மறக்கப்பட்டுப் போயிருக்கும். அதைப் பத்திரிகையில் எழுதி நாடறியச் செய்தவர்களில் முக்கியமானவர் கேசவப் பிள்ளை.

1917-ல் சென்னை மாகாண சங்கம் தோன்றியபோது அதன் தலைவர் அவர்தான். ஈ. வெ. ராமசாமி அதன் உபதலைவர்களில் ஒருவர். பின்னர் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராகவும் ஆனார்.

வலை வீசிய தூதர்கள்

1919-20-ல் கயானாவிலிருந்து ஒரு தூதுக்குழு இந்தியா வந்தது. அந்நாட்டு அட்டர்னி ஜெனரல் நூனன் அதில் முக்கியமானவர். கூடவே ஜே. ஏ. லக்கூ என்ற வக்கீல். கயானா சட்டமன்றத்தில் இடம் பெற்ற முதல் இந்திய வம்சாவளியினர். இந்தியரை வைத்தே இந்தியரை அழைக்கும் யுக்தி!

இனி கூலி ஒப்பந்தமே கிடையாது, குடியேற்றம் மட்டும்தான் என்று அவர்கள் சொன்னார்கள். குடும்பத்தோடு வரலாம், கப்பல் செலவு இல்லை, மூன்று வருஷம் விவசாய வேலை செய்தால் ஐந்து ஏக்கர் நிலம். காந்தியடிகளையும் போய்ப் பார்த்தார்கள். சுதந்திரமாகப் போகிறவர்களைத் தாம் தடுப்பதில்லை என்பதோடு அவர் நின்றுகொண்டார். திட்டத்துக்கு ஆசி தரவில்லை.

நேரில் பார்க்காமல் பதில் சொல்வதில்லை என்று இந்திய சர்க்கார் முடிவு செய்தது. கேசவப் பிள்ளை, இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த வேங்கடேச நாராயண திவாரி, பம்பாயில் விவசாய டைரக்டராக இருந்த கீட்டிங் துரை ஆகிய மூவரும் 1922-ல் கயானாவுக்குப் போனார்கள். பிள்ளைக்கு அப்போது வயது 61.

கடலுக்குக் கீழே நிலம்

கயானாவின் கரையோரப் பூமி விசித்திரமானது. கடல் பொங்கும் நேரத்தில் நீர்மட்டம் நிலத்தைவிட உயர்ந்து நிற்கும். கடலைத் தடுக்க ஒரு கரை. பின்னாலிருந்து வரும் வெள்ளத்தைத் தடுக்க இன்னொரு கரை. கடல் இறங்கும் வேளை பார்த்து மதகைத் திறந்து வாய்க்கால் தண்ணீரை வெளியே விட வேண்டும். மதகும் வாய்க்காலும் இல்லாத ஐந்து ஏக்கர் வெறும் சேறு. கொசு வளர்க்கத்தான் லாயக்கு. தோட்ட முதலாளிக்கு வாய்க்கால் வெட்டப் பணம் உண்டு. கூலியிலிருந்து விடுபட்ட குடியானவனுக்கு ஏது?

விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருந்தது. குடிதண்ணீர், மலேரியா, குழந்தைகளின் சாவு, இடிந்த கூலி லயன்கள் என்று எதைத் தொட்டாலும் கடைசியில் அது வடிகாலில் வந்து நின்றது. போதாததற்குச் சர்க்கரை விலையும் சரிந்திருந்தது, கூலியும் இறங்கியிருந்தது. மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த ஜனத்தொகையில் இந்தியர் சுமார் 1,25,000 பேர். அவர்களிலேயே நிலமில்லாதவர்கள் ஏராளம். இருக்கிறவனுக்கு இல்லாத நிலம் இனி வருகிறவனுக்கு எங்கிருந்து வரும்?

மூவரும் ஒன்றாகத்தான் பார்த்தார்கள். அறிக்கை மட்டும் இரண்டானது. கீட்டிங் தனியாக எழுதினார். அவருக்குத் திட்டத்தில் ஓரளவு நம்பிக்கை இருந்தது. பிள்ளையும் திவாரியும் சேர்ந்து எழுதியது வேறு. முதலில் அங்கே இருக்கிற இந்தியரை நிலத்தில் குடியேற்று, சுகாதாரத்தைச் சீர்ப்படுத்து, புது ஆள் பேச்சு அதற்குப் பிறகுதான் என்பது அதன் சாரம். அரசாங்கம் பட்டம் கொடுத்து வைத்திருந்த மனிதர், அரசாங்கத்துக்கு இதமாக எழுதிவிட்டுப் போயிருக்கலாம். செய்யவில்லை.

மாறிய ஷரத்துகள்

அதே 1922-ல் புதிய குடியேற்றச் சட்டமும் வந்துவிட்டது. சட்டமன்றத்தின் இரு சபைகளும் சம்மதித்தால்தான் தொழிலாளரை வெளியே அனுப்பலாம். பழைய காலத்தைப்போல அதிகாரிகள் தமக்குள் கடிதம் எழுதிக் காரியத்தை முடித்துக்கொள்ள வழியில்லை. 1924-ல் நூனனும் லக்கூவும் திரும்ப வந்து பேரம் பேசினார்கள். 1925-ல் குன்வர் மகாராஜ் சிங் கயானா போய்ப் பார்த்து, சோதனையாக 500 குடும்பங்களை மட்டும் அனுப்பலாம் என்றார். இலவசமாக ஊர் திரும்பும் உரிமைக்குப் பத்து வருஷக் கெடு ஏழாகக் குறைந்தது. அதற்கு முன்னால் திரும்புகிறவர்களுக்கும் செலவில் ஒரு பங்கைக் கயானாவே ஏற்க வேண்டும் என்று ஏற்பட்டது. 1926-ல் இந்தியச் சட்டமன்றம் இசைந்தது.

இசைந்து என்ன? இத்தனை நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் கட்டுப்படியாகாது என்று கயானா கண்டுகொண்டது. சொன்னபடி நிலம் கொடுக்க வேண்டும், சொன்னபடி திருப்பி அனுப்ப வேண்டும் என்றவுடன் ஆள் மலிவாக இல்லை! திட்டம் காகிதத்தோடு நின்றது. 500 குடும்பங்களும் கப்பலேறவில்லை.

கேசவப் பிள்ளை 1933 மார்ச் 28-ந் தேதி காலமானார். பழைய ஒப்பந்தப்படி ஊர் திரும்ப உரிமை பெற்றிருந்தவர்களில் கடைசிக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு 'ரிசர்ஜென்ட்' என்ற கப்பல் கயானாவைவிட்டுப் புறப்பட்டது 1955-ல். இருநூற்றுச் சொச்சம் பேர் அதில் கல்கத்தா வந்து இறங்கினார்கள்.