பாக்கெட்டில் இருக்கும் அந்தப் பறவைக்கூடு யாருடையது? குழந்தை உணவால் உலகை மாற்றிய ஹென்றி நெஸ்லேயின் கதை

நூடுல்ஸ், காபி தூள், சாக்லேட்... எதை எடுத்தாலும் பாக்கெட்டின் ஒரு மூலையில் குட்டியாக ஒரு பறவைக்கூடு இருக்கும். தாய்ப்பறவை தன் குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் படம். நெஸ்லே என்பது கம்பெனி பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். அவர் நூடுல்ஸும் செய்யல, காபியும் செய்யல. அவர் செய்தது, தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்கான உணவு.

யார் இந்த ஹென்றி நெஸ்லே?

1814 ஆகஸ்ட் 10-ம் தேதி ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஹைன்ரிச். அப்பா கண்ணாடி வேலை செய்பவர். வீட்டில் மொத்தம் 14 பிள்ளைகள், இவர் 11-வது. அவர்களில் பாதிப் பேர் வளர்ந்து பெரியவர்களாகும் முன்பே இறந்துவிட்டார்கள். குழந்தை இறப்பு என்பது அவருக்கு வெறும் செய்தி கிடையாது, சொந்த வீட்டில் நடந்த விஷயம்.

மருந்துக்கடையில் தொழில் பழகிய அவர், 20-களின் நடுவில் சுவிட்சர்லாந்தின் வெவே என்ற ஏரிக்கரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே பிரெஞ்சு பேசுவார்கள். ஊருக்கு ஏற்ற மாதிரி ஹைன்ரிச் என்ற பெயரை ஹென்றி என்று மாற்றிக்கொண்டார்.

கைவைக்காத தொழிலே இல்லை

1843-ல் சொந்தமாக ஒரு தொழில் வாங்கினார். எண்ணெய் ஆட்டினார், வினிகர், மதுபானம் தயாரித்தார். அப்புறம் சோடா, எலுமிச்சை பானம். அதன்பின் விளக்கு எரிக்கும் எரிவாயு, உரம். எதிலும் பெரிய பெயர் கிடைக்கவில்லை. 1860-ல் கிளெமென்டைன் எமன்ட் என்ற மருத்துவரின் மகளைத் திருமணம் செய்தார். இந்தத் தம்பதிக்குக் குழந்தை இல்லை.

அப்போது குழந்தைகள் ஏன் இறந்தன?

அன்றைய ஐரோப்பாவில் சுமார் ஐந்தில் ஒரு குழந்தை முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே இறந்தது. தாய் இறந்துவிட்டால், நோயில் விழுந்தால், ஆலை வேலைக்குப் போனால் குழந்தைக்கு என்ன கொடுப்பது? பாலூட்ட வேறொரு பெண்ணை வைக்க வசதி வேண்டும். இல்லாதவர்கள் மாட்டுப்பாலையோ, மாவைக் கரைத்துக் காய்ச்சிய கஞ்சியையோ கொடுத்தார்கள். குளிர்பதனப் பெட்டி கிடையாது, பாலைக் கிருமி நீக்கும் பழக்கமும் இன்னும் வரல. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் கொத்துக் கொத்தாகப் போயின.

இதற்குத் தீர்வு தேடியவர் இவர் ஒருவர் மட்டும் இல்லை. புகழ்பெற்ற ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டஸ் வான் லீபிக் 1865-லேயே ஒரு குழந்தை உணவுக்கான செய்முறையை வெளியிட்டிருந்தார். ஆனால் அதைத் தயாரிக்க மாட்டுப்பால் வேண்டும், கலவை கொஞ்சம் பிசகினாலும் சிக்கல்.

நெஸ்லே என்ன செய்தார்?

மாட்டுப்பாலைச் சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்தார். கோதுமை மாவை ரொட்டியாகச் சுட்டு, அரைத்து, அந்தப் பாலோடு கலந்து உலர்த்திப் பொடியாக்கினார். குழந்தை வயிற்றுக்குக் கடினமான மாவுச்சத்தைக் குறைக்கவும் வழி கண்டார். தாய் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தண்ணீரில் கலந்து காய்ச்ச வேண்டும். பால் தேடி அலைய வேண்டியதில்லை.

1867-ல் அந்தச் சோதனை வந்தது. குறைமாதத்தில் பிறந்த 15 நாள் குழந்தை. தாய்க்குக் கடும் நோய். குழந்தை எந்தப் பாலையும் ஏற்கவில்லை, வலிப்பும் வந்தது. நெஸ்லேயின் நண்பரான விஞ்ஞானி ஷ்னெட்ஸ்லர் மூலமாக அந்தக் குழந்தைக்கு இந்தப் பொடி கொடுக்கப்பட்டது. குழந்தை பிழைத்தது. செய்தி ஊரெல்லாம் பரவ, சில வருஷங்களில் பல நாடுகளுக்குப் பெட்டி பெட்டியாகப் போனது.

ஆனால் ஒன்றை கவனிக்கணும். முதல் மாதங்களில் தாய்ப்பாலே இயற்கையான உணவு, முடிந்த தாய்மார்கள் தாங்களே பாலூட்ட வேண்டும் என்று தன் பொடியைப் பற்றிய சிறு நூலிலேயே அவர் எழுதி வைத்தார்.

கூடு எப்படி வந்தது?

அவருடைய முன்னோரின் ஜெர்மன் பேச்சுவழக்கில் நெஸ்லே என்றால் சின்னக் கூடு. குடும்பச் சின்னத்தில் இருந்த கூட்டில் தாய்ப்பறவையும் குஞ்சுகளும் இருக்கும்படி மாற்றி, அதையே வணிக முத்திரையாக்கினார். கூட்டுக்குப் பதிலாக சுவிஸ் நாட்டின் சிலுவைக் குறியைப் போடலாம் என்று ஒரு முகவர் சொன்னபோது, முடியாது என்று மறுத்துவிட்டார்.

பெயரையும் விற்றார்

தேவை கூடிக்கொண்டே போனது. வாரிசு இல்லை, வயது 60. 1875-ல் உள்ளூர் வணிகர்கள் 3 பேரிடம் 10 லட்சம் ஃபிராங்குக்கு மொத்தத்தையும் விற்றார். தொழிற்சாலையோடு அவருடைய பெயரும் கைமாறியது. அதன்பின் அந்தக் கம்பெனியில் அவருக்கு எந்தப் பங்கும் கிடையாது. 1890 ஜூலை 7-ம் தேதி கிளியோன் என்ற மலையூரில் காலமானார். அந்தக் கம்பெனி வேறொரு பால் நிறுவனத்தோடு இணைந்தது 1905-ல். மேகி வந்து சேர்ந்தது 1947-ல். இரண்டையுமே அவர் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு நடந்தது

கதை இதோடு முடியல. 20-ம் நூற்றாண்டில் ஏழை நாடுகளில் பால் பவுடர் பெரிய அளவில் விளம்பரம் செய்யப்பட்டது. சுத்தமான தண்ணீர் இல்லாத வீடுகள், காசு போதாமல் பொடியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டும் தாய்மார்கள், ஊட்டாததால் வற்றிப்போகும் தாய்ப்பால்... குழந்தைகளைக் காக்க வந்த உணவே ஆபத்தானது. 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் போராட்டம் தொடங்கியது. 1981-ல் உலக சுகாதார சபை விற்பனைக்கு விதிமுறை கொண்டுவந்தது. இந்தியாவில் 1992 சட்டப்படி குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக்கூடாது, டப்பாவில் குழந்தைப் படம் போடக்கூடாது.

இன்று தேர்வு செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

நெஸ்லே அன்று செய்தது இன்றைய கணக்கில் ஃபார்முலா பால் இல்லை. பாலும் கோதுமையும் கலந்த அது, இன்று 6 மாதத்துக்குப் பிறகு கொடுக்கும் இணை உணவுக்குத்தான் நெருக்கம். கடையில் இரண்டு டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம், குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். முடியாத சூழல் என்றால், எந்த வகை ஃபார்முலா என்பதை முடிவு செய்ய வேண்டியது குழந்தை நல மருத்துவர். டப்பாவில் எந்த வயதுக்கு என்று போட்டிருக்கிறது, எத்தனை ஸ்பூனுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள், அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பொடியிலும் கிருமி இருக்கலாம் என்பதால், கொதிக்கவைத்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறும் முன்பே கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும்.

தாய்ப்பால் முடியாதபோது மட்டும்தான் தன் பொடி என்பதில் அந்த மருந்துக்கடைக்காரருக்குக் குழப்பம் இருக்கவில்லை. 150 வருஷம் கழித்தும் மருத்துவர்கள் சொல்வது அதைத்தான்.