டென்னிஸ் ரிச்சி: கம்ப்யூட்டருக்கு இரண்டு கதவு வெச்ச மனுஷன்!

உங்க கையில இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டுக்கும் அடிப்படை லினக்ஸ். அந்த லினக்ஸ் பின்பற்றியது யுனிக்ஸின் வடிவமைப்பை. கென் தாம்சனோட சேர்ந்து யுனிக்ஸை உருவாக்கியவர்தான் டென்னிஸ் ரிச்சி.

யார் இவர்?

1941 செப்டம்பர் 9-ம் தேதி நியூயார்க் மாநிலத்தின் பிராங்ஸ்வில் ஊரில் பிறந்தார் ரிச்சி. அப்பா அலிஸ்டர் ரிச்சி பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஹார்வர்டில் இயற்பியல் படித்த டென்னிஸ், அங்கேயே கணிதத்தில் ஆய்வேடும் எழுதினார். ஆனா, பைண்ட் செய்த பிரதியைக் கடைசிவரை ஒப்படைக்காததால், முனைவர் பட்டம் வாங்கவே இல்லை!

1967-ல் அவரும் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். மல்டிக்ஸ் என்ற பெரிய திட்டத்திலிருந்து 1969-ல் பெல் விலகியது. அதன் பிறகு பிடிபி-7 என்ற சின்ன கம்ப்யூட்டரில் தாம்சன் தொடங்கிய வேலைதான் யுனிக்ஸ். ரிச்சியும் அதில் இறங்கினார். அவர் உருவாக்கிய சி மொழியில் 1973-ல் யுனிக்ஸ் திருப்பி எழுதப்பட்டது. ஒரு மெஷினுக்குனு எழுதினது வேற மெஷினுக்கும் போக, அதுதான் வழி திறந்தது.

அதென்ன இரண்டு கதவு?

1971 நவம்பர் 3 தேதியிட்ட யுனிக்ஸின் முதல் கையேட்டை எழுதியவர்கள் தாம்சனும் ரிச்சியும்தான். அதன் முதல் பகுதி கமாண்டுகள், அதாவது மனுஷங்க கீபோர்டில் தட்டும் கட்டளைகள். இரண்டாம் பகுதி சிஸ்டம் கால்கள், அதாவது ஒரு புரோகிராம் நேரடியாக இயங்குதளத்திடம் வேலை கேட்கும் இடைமுகம். முதல் கதவு வழியா போனாலும், உள்ளே வேலையை முடிக்கிறது இரண்டாவதுதான். ஃபைலை காப்பி எடுக்கும் கமாண்டும் திற, படி, எழுது என்ற சிஸ்டம் கால்களைத்தான் கூப்பிடுது.

எதை எப்போ பயன்படுத்தணும்?

ஒரு உதாரணம். வேங்கிக்கால்ல திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருக்குனு வெச்சுக்கோங்க. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு கொடுக்க வர்றவங்களோட பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் அங்கே ஸ்கேன் ஆகுது. தினமும் ராத்திரி அதை பேக்கப் எடுக்கணும். நாலு கமாண்டை ஒரு ஸ்கிரிப்ட்ல போட்டா பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும்.

சிக்கல் எங்கே வரும்? ஃபைல் பேர் செல்வி பட்டா என்று நடுவுல இடம் விட்டு இருந்தா, கவனமில்லாம எழுதின ஸ்கிரிப்ட் அதை செல்வி, பட்டா என்று இரண்டு ஃபைலா எடுத்துக்கும். இரண்டுமே கிடைக்காது. பிழைச் செய்தி திரையில் வரும். ஆனா ராத்திரி 2 மணிக்கு அதைப் படிக்க யார் இருப்பாங்க? ஹார்ட் டிஸ்க் போன அன்னைக்குத்தான், அந்த பட்டா பேக்கப்ல இல்லைனு தெரியும்.

இடைமுகம் வழியாக எழுதிய புரோகிராமில் பேர் முழுசா ஒரே துண்டாகப் போகும். ஃபைல் இல்லையா, அனுமதி இல்லையா, டிஸ்க் நிரம்பிடுச்சா என்று ஒவ்வொரு தோல்விக்கும் தனி எண் திரும்பி வரும். அதைப் பார்த்து அடுத்து என்ன செய்யணும்னு புரோகிராமே முடிவு செய்யலாம். ஆனா எழுத அதிக நேரமும் உழைப்பும் வேணும்.

அப்போ கமாண்ட் மோசமா? இல்லவே இல்லை. கமாண்டும் முடியும்போது வெற்றியா தோல்வியானு ஒரு எண் தருது. பேரை மேற்கோள் குறிக்குள் போட்டு, அந்த எண்ணையும் சோதிச்சா ஸ்கிரிப்டையும் நம்பலாம். ஆள் உட்கார்ந்து ஒருமுறை செய்யும் வேலைக்கு கமாண்ட் போதும். ஆள் இல்லாம தினமும் ஓடி, திரையில் வரும் எழுத்தைப் பிரிச்சுப் பார்த்து முடிவெடுக்கும் வேலைன்னா, இடைமுகத்துக்கு மாறுவது நல்லது.

ஓசையில்லாத விடை

1983-ல் தாம்சனோடு டூரிங் விருது பெற்ற ரிச்சி, 2007-ல் ஓய்வு பெற்றார். 2011 அக்டோபர் 12-ம் தேதி, நியூஜெர்சியில் தனியாக வசித்த வீட்டில் இறந்து கிடந்தார். வயது 70. அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்திருந்தார். அந்தச் செய்தியின் இரைச்சலில் ரிச்சியின் மரணம் பலருக்குத் தெரியவே இல்லை. ஆனா ஜாப்ஸ் தந்த ஐபோனுக்குள்ளும் யுனிக்ஸ் வழி வந்த இயங்குதளம்தான் ஓடுது!